முதல் குரல்

செல்வி ஒரு தடவைதான் "இருக்கேன்" என்றாள். வேணியின் காதில் இரண்டு தடவை விழுந்தது.

ஒத்திகையின் நடுவே நடந்தது அது. பட்டப்பகல். வேணி மெயின் சுவிட்சை அணைத்து, ஜன்னல்களைச் சாத்தி, வீட்டை இருட்டாக்கிவிட்டு, புயல் நாளில் எப்படிக் கூப்பிடுவாளோ அப்படி மகளை ஒரே ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளறையிலிருந்து ஏழு வயது செல்வி, சொல்லிக் கொடுத்தபடி "இருக்கேன்" என்று கத்திவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே ஓடிவந்து மாடிப்படிக்குக் கீழே உள்ள பொந்துக்குள் புகுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அதுவரை எல்லாம் சரி. குழந்தை மூச்சு வாங்கி, சிரிக்கக்கூட ஆரம்பித்த பிறகு, சமையலறைப் பக்கமிருந்து இன்னொரு "இருக்கேன்" வந்தது. அதே குரல்தான். ஆனால் அவசரமே இல்லாத குரல். எழுதப் பழகுகிற பிள்ளை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதுமே, அந்த மாதிரி.

வேணி போய்ப் பார்த்தாள். அன்று காலை அரியலூர் கடைத்தெருவிலிருந்து ஆட்டோவில் ஏற்றிவந்த நீல நிறத் தண்ணீர் டிரம் அங்கே நின்றது. ஆளை உள்ளே வைத்து மூடலாம், அத்தனை பெரிது. இன்னும் தண்ணீர் பிடிக்காத வெறும் டிரம். குனிந்து அதன் வாய்க்குள் "ஓ" என்றாள். டிரம்மும் "ஓ" என்றது. சனியனே, நீதானா என்று அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்து மெயினைப் போட்டாள்.

வேணி பயந்தாங்கொள்ளி இல்லை, முன்யோசனைக்காரி. தெருவில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள், அது கிடக்கட்டும். மழைக்காலத்துக்கு முன்னால் மகளிர் குழுவிலிருந்து பேரிடர்ப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது மற்றவர்கள் எல்லாம் ஒருத்தி முதுகில் ஒருத்தி ஒளிந்துகொள்ள, இவள்தான் கையைத் தூக்கினாள். போய் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் காதில் வாங்கி, வந்த வேகத்தில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். ஆதாரும் ரேஷன் கார்டும் பிளாஸ்டிக் கவருக்குள் போயின. அவலும் பொட்டுக்கடலையும் டப்பாக்களில் ஏறின. வீட்டிலேயே உறுதியான இடம் எது என்று ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்துதான் என்று முடிவு செய்து, அங்கே அடைந்து கிடந்த பழைய தையல் மிஷினையும் உடைந்த ஃபேனையும் வெளியே இழுத்துப் போட்டுப் பாய் விரித்தாள். புருஷன் குழந்தைவேல் சிமெண்ட் ஏற்றும் பல்கர் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வீட்டை மளிகைக் கடையாக்கிவிட்டாயே, போர்டு எப்போது மாட்டப் போகிறாய் என்று சிரித்தான். சிரிக்கட்டும். வெள்ளம் வருமுன் அணை போடணும் என்று சொல்கிற ஊரில் அணை போடுகிறவளைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. மீன்சுருட்டியில் அவள் பிறந்த வீட்டுக்கு அடுத்த தெருவில் சித்தப்பா சிங்காரவேலு இருந்தார். ஒரு அடைமழையில், விளக்கு வைக்கிற நேரத்தில், அவர் வீட்டு மண்சுவர் அவர் மேலேயே சாய்ந்தது. இடிபாட்டுக்குள் கிடந்தபடி பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. அந்தப் பக்கத்தில் பொழுது சாய்ந்த பிறகு யாராவது வெளியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்க மாட்டார்கள். மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான், பேய்க்கு மூன்றாவது தடவை வராது என்று ஒரு கணக்கு. பக்கத்து வீட்டார் மூன்றாவது குரலுக்காகக் காத்திருந்தார்கள். மூன்றாவது குரல் வரவே இல்லை. விடிந்து மண்ணை அள்ளும்போது அவர் வாய் திறந்தபடியே இருந்தது என்று சொல்லிச் சொல்லி அழுதாள் வேணியின் அம்மா.

ஆகவே பயிற்சியில், முதல் குரலுக்கே பதில் சொல்ல வீட்டில் உள்ளவர்களைப் பழக்குங்கள் என்று சொன்னபோது வேணிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. செல்வியை அப்படியே பழக்கினாள். நான் கூப்பிட்டால் முதல் குரலுக்கே "இருக்கேன்" என்று சொல்லிக் குரல் வந்த பக்கம் வர வேண்டும். நீ கூப்பிட்டால் நானும் அதே மாதிரி "இருக்கேன்" என்பேன்.

பக்கத்து வீட்டு ஆண்டாயி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதை நாலு நாள் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் வாயைத் திறந்தாள்.

"ஏ வேணி, அரிசி வாங்கு, பருப்பு வாங்கு, ஒன்னும் சொல்லல. புள்ளைய மட்டும் மொதக் கொரலுக்கே ஏன்னு கேக்கப் பழக்காத. எதுத்தாப்புல பள்ளத்த வச்சுக்கிட்டு."

"போங்க பெரியம்மா, நீங்க வேற" என்று வேணி உள்ளே வந்துவிட்டாள். பள்ளம் என்றால் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கம். தெருவின் கடைசி வீடு வேணியுடையது. வாசலுக்கு எதிரே சீமைக்கருவேலங்காடு, காட்டைத் தாண்டினால் பிய்ந்துபோன கம்பிவேலி, வேலியைத் தாண்டினால் தரை கிடையாது. முப்பது வருஷம் வெட்டி எடுத்த பள்ளத்தில் பச்சை நிறத்தில் தண்ணீர் நின்றது. ஆழம் யாருக்கும் தெரியாது.

டிரம்மில் தண்ணீர் பிடித்து மூடியும் போட்டாயிற்று. மறுநாள் ஒத்திகை. "செல்வி." உள்ளறையிலிருந்து "இருக்கேன்." குழந்தை ஓடிவந்து பொந்துக்குள் உட்கார்ந்தாள். வேணி தன்னை அறியாமல் காது கொடுத்து நின்றாள். ஃபிரிட்ஜ் ஓய்ந்த வீட்டில் சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக்கும், எங்கோ ஒரு லாரி கியர் மாற்றும் உறுமலும், டிரம்மின் மூடியிலிருந்து தரையில் சொட்டிய ஒரு துளியின் சத்தமும் கேட்டன. அதற்குப் பிறகு, தண்ணீர் நிறைந்த, எதிரொலிக்க இடமே இல்லாத அந்த டிரம்முக்கும் அப்பால், பின்கட்டுக் கதவுக்கு அருகிலிருந்து, "இருக்கேன்" என்றது. இந்தத் தடவை எழுத்துகள் சேர்ந்து வந்தன. நன்றாகவே சொல்லக் கற்றுக்கொண்டிருந்தது.

பின்கட்டில் யாரும் இல்லை. கேஸ் சிலிண்டர், விறகு, மேலே சிமெண்ட் ஷீட் கூரை. ஈரச் சுண்ணாம்புக்கல் வாசனை மட்டும், மழையே பெய்யாத நாளில், மூக்கில் ஏறியது.

வேணி, குழந்தையிடம் சொல்லிப் பயமுறுத்துவானேன் என்று சாதம் பிசைந்து ஊட்ட உட்கார்ந்தாள். இரண்டு வாய் வாங்கிய செல்வி, மூன்றாவது வாய்க்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மா, நேத்து நீ ரெண்டு தடவ இருக்கேன்னு சொன்ன. ஒன்னு கிட்டக்க. ஒன்னு வெளிய."

அன்றோடு ஒத்திகையை நிறுத்தினாள். ஆனால் கற்றுக் கொடுத்ததைக் கையை நீட்டித் திரும்ப வாங்க முடியுமா? செல்வி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள், சட்டென்று நிமிர்ந்து "இருக்கேன்" என்பாள். யாருக்கடி பதில் சொன்னாய் என்று கேட்டால், நீதானே கூப்பிட்டாய் என்பாள். ஒருநாள் மாலை, குளித்துவிட்டு வந்த வேணி, மகள் வாசல் கேட்டைத் திறந்துகொண்டு தெருவைத் தாண்டிக் கருவேலங்காட்டின் ஓரத்தில் நிற்பதைப் பார்த்தாள். தலைதெறிக்க ஓடிப்போய்த் தூக்கிவந்தாள். இங்கேயிருந்துதானே கூப்பிட்டாய் அம்மா என்று குழந்தை அழுதது. இருப்பது ஒரே பிள்ளை. அவளைக் காப்பாற்றத்தானே இத்தனையும் செய்தாள்.

ஆண்டாயியிடம் கேட்கலாம் என்று வேலியோரம் போனால் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. புயல் வருகிறது என்று வரதராஜன்பேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாளாம். குழந்தைவேலுக்குப் போன் போட்டாள். கொச்சி ரோட்டில் எங்கோ லோடோடு நிற்கிறேன், காற்று அடங்கினதும் வந்துவிடுகிறேன் என்றான். நடந்ததைச் சொல்ல வாயெடுத்து, என்னவென்று சொல்வது, சீக்கிரம் வாங்க என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

கடைசியில் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். செல்வியை மடியில் உட்கார வைத்து, இரண்டு கன்னத்தையும் பிடித்து, கண்ணுக்குள் பார்த்துச் சொன்னாள்.

"இனிமே அம்மா ஒரு தடவ கூப்புட்டா வராத. ரெண்டு தடவ கூப்புட்டாலும் வராத. மூணு தடவ கூப்புட்டாத்தான் நான். சரியா?"

செல்வி தலையாட்டினாள். நீயும் என்னை மூன்று தடவை கூப்பிடு, அப்போதுதான் நான் இருக்கேன் என்பேன் என்றும் சேர்த்துச் சொன்னாள் வேணி. பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஊர் தலைமுறை தலைமுறையாகச் செய்ததை நாம் ஒருத்தி மாற்றப் பார்த்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த நிம்மதி சாதம் வேகும் நேரம்கூட நிற்கவில்லை. அடுப்பை அணைத்த கையோடு அவளுக்கு உறைத்தது. இதை வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்லியிருக்கக் கூடாது. இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

புயல் மறுநாள் மத்தியானம் வந்தது.

காலையிலிருந்தே வானம் கழுவாத சட்டியின் அடிப்பக்கம் மாதிரி கறுத்துக் கிடந்தது. உச்சிப் பொழுதில் விளக்குப் போட வேண்டியிருந்தது. போட்ட விளக்கும் சற்று நேரத்தில் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. முதலில் மழைதான், சாய்ந்து சாய்ந்து ஜன்னல் இடுக்குகளில் புகுந்து தரையில் ஓடியது. பிறகு காற்று கிளம்பியது, காட்டுக்குள்ளிருந்து கிளம்பி, கருவேல முள்ளையும் பாலிதீன் பைகளையும் யார் வீட்டுக் கொடியிலோ காய்ந்த துணிகளையும் அள்ளிக்கொண்டு தெருவில் ஓடி, கேட்டை ஆட்டி, படிக்கட்டு வழியாக மேலே ஏறி மொட்டைமாடிக் கதவை உதைத்தது. அதோடு அந்த வாசனையும் வந்தது, ஈரக் கல்லும் பாசியும் நாள்பட்ட தண்ணீருமாக, வீட்டுக்குள் யாரோ பெரிய அண்டாவைத் திறந்து வைத்த மாதிரி.

வேணி செல்வியைப் பொந்துக்குள் உட்கார வைத்தாள். இரட்டைச் சடையை முடிந்து, ஸ்வெட்டர் மாட்டி, டார்ச்சைக் கையில் கொடுத்தாள். பின்கட்டில் சிமெண்ட் ஷீட் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அது சிலிண்டர் மேல் விழுந்தால் வீடே போய்விடும். சிலிண்டரை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு இதோ வந்துவிடுகிறேன், எத்தனை தடவை கூப்பிட்டால் வருவாய் என்று கேட்டாள். செல்வி மூன்று விரலைக் காட்டினாள்.

இன்றைக்கு மட்டும் எத்தனை தடவை கூப்பிட்டாலும் வராதே என்று சொல்லியிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றியது பின்கட்டுக்கு வந்த பிறகுதான். தோன்றியதும் திரும்பினாள். அதற்குள் காற்று சமையலறைக் கதவை அறைந்து சாத்தியது. உள்பக்கத் தாழ்ப்பாள் அதுவாகவே விழுந்தது. அதுவாகத்தான் விழுந்ததா, அவளுக்குத் தெரியாது.

கதவைத் தள்ளினாள். நகரவில்லை. தோளால் இடித்தாள். தலைக்கு மேல் ஷீட் ஒன்று கிழிந்து பறந்தது, மழை மொத்தமும் அவள் தலையில் இறங்கியது. பின்கட்டின் மற்ற மூன்று பக்கமும் அவளே திருடனுக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய சுவர்.

காற்று ஒரு கணம் மூச்சு வாங்கியது. அப்போது கேட்டது. வீட்டின் முன்பக்கத்திலிருந்து, வாசலுக்கு அப்பாலிருந்து.

"செல்வி."

வேணியின் குரல். அவள் தொண்டையில் இருக்கும் அந்தச் சின்னக் கரகரப்புகூட இருந்தது.

"வராதடி" என்று கத்தினாள். காற்று திரும்ப எழுந்து அவள் சொன்னதை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. கதவை உதைத்தாள். ஆணி ஒன்று கிறீச்சிட்டது.

"செல்வி."

விறகுக் கட்டையை எடுத்தாள். தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் அடித்தாள். பலகை பிளந்தது. இன்னும் ஒரு அடி. கை வழுக்கியது. கட்டை கீழே விழுந்தது. மாரியாத்தா, என் பிள்ளையை விட்டுவிடு. குனிந்தாள். தேடினாள். எடுத்தாள். அடித்தாள்.

"செல்வி."

மூன்று.

கதவு பிளந்து உள்ளே விழுந்தது. வேணியும் விழுந்தாள். முழங்கால் கிழிந்தது. எழுந்தாள். இருட்டு. கடிகாரம். தண்ணீர் ஓடும் தரை. முன்கதவு எங்கோ அடித்துக்கொண்டிருந்தது.

"செல்வி" என்றாள். குரல் உடைந்து வந்தது.

"இருக்கேன்."

மாடிப்படிக்குக் கீழே. அங்கேயேதான். போகவில்லை. அவள் போகவில்லை!

வேணி தவழ்ந்துகொண்டே போய்ப் பொந்துக்குள் நுழைந்து, இருட்டில் கையை நீட்டி, அந்தச் சின்ன உடம்பை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். என் ராசாத்தி, எங்கண்ணு, போகலையே நீ, போகலையே என்று உச்சியில் முத்தம் கொடுத்தாள். குழந்தை பேசவில்லை. அவள் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது. பயந்துபோயிருக்கிறாள், பேச்சு வரவில்லை என்று நினைத்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

குளிர்ந்து கிடந்தது முதுகு. நாம் நனைந்திருக்கிறோம், அந்த ஈரம் ஒட்டிவிட்டது என்று நினைத்தாள்.

ஸ்வெட்டரைக் காணோம்.

கழற்றியிருப்பாள். குழந்தைதானே.

தலையைத் தடவினாள். சடை இல்லை. முடி அவிழ்ந்து, நீண்டு, பாயில் கிடந்தது. செல்விக்குத் தோள்வரைதான் முடி.

வேணியின் கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. சுண்ணாம்பு வாசனை மூக்குக்கு அருகில், முகத்துக்கு நேரே, மூச்சோடு மூச்சாக வந்தது. டார்ச்சுக்காகத் தரையைத் துழாவினாள். பாய். ஈரம். சுவர். டார்ச் இல்லை.

பொந்தின் வாய்க்கு நேராக ஹால், ஹாலுக்கு நேராக முன்கதவு. கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே மழை, மழைக்குப் பின்னால் காடு. அந்தக் காட்டுக்குள், தரையோடு தரையாக, சின்னதாக ஒரு மஞ்சள் வெளிச்சம் அசைந்தது. நின்றது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது.

"அம்மா."

தூரத்திலிருந்து. அழுகிற குரல்.

வேணி எழப் பார்த்தாள். கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இறுகின.

"அம்மா."

பிய்த்து எறியப் பார்த்தாள். முடியவில்லை. மடியில் கனம் ஏறியது. தண்ணீர் ஊற ஊற மூட்டை கனக்குமே, அப்படி.

"அம்மா."

இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள் வேணி. சில்லென்ற ஒரு சின்னக் கை வந்து அந்த வாயை மூடியது. மெதுவாக, வலிக்காமல், தூங்கும் குழந்தை எழுந்துவிடாமல் அடுத்த குழந்தையின் வாயைப் பொத்துவது போலப் பொத்தியது. காட்டுக்குள்ளிருந்து, கம்பிவேலிக்கு அப்பால் தரையே இல்லாத இடத்திலிருந்து, வேணியின் குரல் பாசத்தோடு பதில் சொன்னது.

மஞ்சள் வெளிச்சம் அந்தப் பக்கம் திரும்பியது. குழந்தை ஓடுகிற வேகத்தில் அது குதித்துக் குதித்துப் போவதை, வேலியைத் தாண்டுவதை, பிறகு கீழே, இன்னும் கீழே இறங்குவதை, வேணி அசைய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.